சைலன்சரில் ஒட்டிய குதிகால்

குரோமில் பிடித்த துருவைத் தேய்த்துப் போக்கிவிடலாம். அது எப்படிப் பிடித்தது என்று வண்டிக்காரர் சொல்லும் காரணத்தைப் போக்க இதுவரை எந்தப் பாலிஷும் வரவில்லை.

பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அதைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியின் நிறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் பட்டறை. முன்னால் என்ஜின் வேலை. பின்னால் ஒரு மேசை, இரண்டு வாளி, ஒரு மின்விசிறி. அது என் ராஜ்ஜியம். ஹேண்டில், மட்கார்டு, சைலன்சர், கண்ணாடித் தண்டு என்று வண்டியில் பளபளக்க வேண்டியது, ஆனால் பளபளக்காதது எல்லாம் அங்கே வரும். பதினோரு வருஷமாகத் தேய்க்கிறேன். மலேசியப் பக்கம் ஜொகூர் போய்விட்டுத் திரும்பும்போது எல்லைச் சாவடியில் கட்டைவிரலை வைத்தால், மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்கிறது. ரேகை என்று ஒன்று இருந்தால்தானே?

முன்னால் கல்லாவில் புனிதம் அக்கா. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். அந்தப் பேச்சு அவரிடம் சாதாரண நேரத்தில் தெரியாது. என்மேல் சந்தேகம் வரும்போது மட்டும் வெளியே வரும்.

கடல் காற்று

கடலோரத்துப் பாசிர் ரிஸ்காரர் ஒருவர் ஹேண்டிலைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடம் போய்விட்டாராம். பையைத் திறந்ததும் எனக்கும் எழுந்து போகத்தான் தோன்றியது. ஹேண்டிலின் வலது பக்கம் முழுக்கச் செங்கல் நிறம். இடது பக்கம் கடையில் வாங்கிய மாதிரி அப்படியே இருந்தது.

"கடல் காத்து," என்றார். "காத்து வலது பக்கம் மட்டுமா அடிக்குது?" என்றேன். "நான் பார்க் பண்ற இடம் அப்படி," என்றார். சரி என்று கைப்பிடி ரப்பரை உருவினேன். உள்ளேயிருந்து நகம் அளவில், வெள்ளையாக, காய்ந்துபோன ஒன்று மேசையில் விழுந்தது. மீன் செதில்.

"ஞாயித்துக்கிழமை தூண்டில் போடப் போவீங்களாண்ணே?" என்று கேட்டேன். போவாராம். மீன் வாளியைக் கடல் தண்ணீரோடு எங்கே மாட்டிக்கொண்டு வருவீர்கள் என்று கேட்டேன். தன் வலது கையைப் பார்த்தார், செதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்: "அன்னைக்குக் காத்து கொஞ்சம் பலமா அடிச்சிருக்கும்லா."

போர்வைக்குள் இட்லி

துரோகத்தால் துருப்பிடித்த வண்டிகளைவிட அன்பால் துருப்பிடித்த வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தனபால் அண்ணன் ஈசூன்காரர், பஸ் ஓட்டுகிறார். இருபது வருஷமாக ஒரே வண்டி. அதன்மேல் அவருக்கு உயிர். அதனால் மழையில் நனைந்த வண்டியை அப்படியே தடிமனான பிளாஸ்டிக் உறையால் மூடி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுவார். மறுநாள் வெயில் அடிக்கும். உள்ளே இட்லிப் பானை. இப்படி இருபது வருஷம் அவித்ததில், சைலன்சர் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு, முன்பக்க மட்கார்டில் குரோம் தோலுரிந்து தொங்கியது.

பிரச்சினை என்னவென்றால் சிஓஇ. இங்கே வண்டி வைத்திருப்பதற்கான அந்தச் சான்றிதழைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவருடையது தீபாவளி கழிந்ததும் முடிகிறது. மனைவி விஜயா அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: இந்தத் துரு மூட்டைக்கு இன்னொரு பத்து வருஷமா? தீபாவளிக்குள் வண்டி வண்டியாக இருந்தால் புதுப்பிக்கலாம், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போகட்டும். மூன்று வாரம் கேட்டேன்.

அண்ணன் வலது பக்கம் குனிந்து சைலன்சரில் ஓர் இடத்தைக் காட்டினார். குதிகால் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஏதோ உருகி ஒட்டிக் காய்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், விஜயா அக்கா முதல்முதலாக அவருக்குப் பின்னால் உட்கார்ந்த நாள். சிராங்கூன் ரோட்டில் அன்றைக்குத்தான் வாங்கிய புதுச் செருப்பு. கால் வைக்கும் இடம் எது என்று தெரியாமல் சுடும் சைலன்சரில் வைத்துவிட்டார். நொவினா சிக்னலில் புகை நாற்றம் வந்தபோது செருப்பில் பாதி வண்டியோடு சேர்ந்துவிட்டது. அண்ணன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றுவரை தண்டனை. வீட்டில் உப்புப் பெறாத சண்டை வந்தாலும் கடைசியில் அந்தச் செருப்பில் போய்த்தான் முடியுமாம்.

"துரு கொஞ்சம் இருந்தாக்கூடப் பரவால்ல, குணா," என்றார். "அந்தக் கறுப்பு மட்டும் இருக்கவே கூடாது."

சமையலறை வைத்தியம்

தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன், காப்பாற்றி வைக்க வேண்டாம். குரோமில் மேலாகப் பிடித்த துருவுக்குச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாள் போதும். கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் துரு சாம்பல் நிறச் சேறாக இறங்கிவிடும். அலுமினியம் குரோமைவிட மிருது, அதனால் கீறாது. துரு குழி பறித்திருந்தால் குழி மட்டும் ஊசிமுனை அளவில் மிச்சம் இருக்கும். கடைசியில் மெழுகு போட வேண்டும். அவ்வளவுதான். மீதியெல்லாம் தோள்பட்டை வலி.

இதை வாடிக்கையாளர் கண்முன்னால் செய்வதுதான் ஆபத்து. தனபால் அண்ணன் லீவு போட்டுவிட்டு ஒருநாள் முழுக்க என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஜப்பானிலிருந்து வந்த திரவம், நாலு வண்ண பாட்டில், முகமூடி, இப்படி எதையோ எதிர்பார்த்திருப்பார் போல. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த தாளைக் கிழித்து வாளியில் நனைத்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "என் பொண்டாட்டி இதுலதான் கோழியைச் சுத்தி ஓவன்ல வைக்கிறா. இதுக்காகவா ஈசூன்லேருந்து வந்தேன்?" என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் கல்லாவிலிருந்து புனிதம் அக்காவின் குரல் வந்தது: "கிளினிக்ல டாக்டர் 'நல்லா தண்ணி குடிங்க'ன்னு சொல்றதைக் கேக்க ரெண்டு மணி நேரம் லைன்ல உட்காருறீங்கதானே?"

விளக்குக்கு ஒரு நீதி

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எனக்கு அறுவடைக் காலம். தமிழன் வண்டியைக் கும்பிடுவதற்கு முன்னால் கழுவுவான். கழுவுவதோடு நிறுத்தினால் நான் பட்டினி.

இந்த வருஷம் மார்சிலிங்கிலிருந்து வந்தவர் வண்டியைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். சைலன்சர், ஹெட்லைட் வளையம், இரண்டு மட்கார்டு, எல்லாம் மங்கிப்போய், மேலே வட்ட வட்டமாக ஆயிரம் கீறல். எதைப் போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்டேன். மிகவும் பெருமையோடு சொன்னார்: புளியும் செங்கல் பொடியும். வீட்டில் மனைவி குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாராம். விளக்கு தங்கம் மாதிரி மின்னியதாம். மீதிப் புளியை வீணாக்குவானேன் என்று இவர் கார்பார்க்குக்கு எடுத்துப் போய்விட்டார். தேய்த்துக் கழுவாமல், அந்த ஈரத்தின்மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து ஹேண்டிலில் வேறு பிழிந்திருக்கிறார்.

பித்தளை என்பது உள்ளும் புறமும் பித்தளை, எவ்வளவு தேய்த்தாலும் அடியில் பித்தளைதான் வரும். குரோம் வெறும் பூச்சு, வெங்காயத் தோலைவிட மெல்லிசு, அது போனால் அடியில் இரும்புதான் வரும் என்று பொறுமையாக விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்திருக்க வேண்டியவன் நான். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வண்டியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"எங்க வீட்டு விளக்கு இருபத்தஞ்சு வருஷமா இதைத்தான் வாங்கிக்குது, ஒண்ணும் சொல்லல," என்றார். "உங்க குரோமுக்கு ஒரு நாள் தாங்கலியா?"

வெள்ளிச் செடி

தனபால் அண்ணனின் மட்கார்டைப் பற்றி முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டேன். தோலுரிந்த குரோமைத் தேய்த்துக் கொண்டுவர யாராலும் முடியாது. ஜொகூரில் ஒரு முலாம் பட்டறை இருக்கிறது, அங்கே கொடுத்துப் புதிதாகப் பூச வேண்டும், பத்து நாள் ஆகும். அவருக்குப் பத்து நாள் பொறுக்கவில்லை. என்னிடம் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மட்கார்டை வீட்டுக்கு எடுத்துப் போய், வெள்ளிப் பெயிண்ட் ஸ்பிரே ஒன்றை வாங்கி, வீட்டு வாசல் நடைபாதையில் வைத்து அடித்துவிட்டார். பத்தாவது மாடி. அங்கே எப்போதும் காற்று.

திங்கட்கிழமை காலை முதலில் வந்தது விஜயா அக்காவின் போன். அதுவரை அவரோடு நான் பேசியதில்லை. "தம்பி, என் வீட்டு வாசல்ல இருந்த நாலு ஜோடி ஷூவும் இப்ப ஒரே கலர்," என்றார். குரல் அமைதியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "தீபாவளி வரைக்கும்லாம் வேண்டாம். அதுக்கு முந்தின சனிக்கிழமை நானே வந்து பார்ப்பேன். பார்த்துட்டு அங்கேயே முடிவு சொல்றேன்." வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் ஒரு வாரம் அந்த ஒரு போனில் போயிற்று.

பின்னாலேயே தனபால் அண்ணன் மட்கார்டோடு வந்து நின்றார். பெயிண்ட் வழிந்து, காய்ந்து, தொட்டால் கையோடு வந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்துப் பாட்டியின் பூந்தொட்டிகள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஓர் எலுமிச்சைச் செடி இலை, காய், தண்டு எல்லாம் வெள்ளியாகிவிட்டதாம். சண்டைக்கு வந்தாரா என்று கேட்டேன்.

"இல்ல, குணா. ரொம்ப அழகா இருக்குன்னாங்க. சீனப் புத்தாண்டுக்குத் தங்கக் கலர்ல அடிச்சுத் தருவியான்னு கேக்கறாங்க."

குதிகால்

மட்கார்டை அன்றே ஜொகூருக்கு அனுப்பி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரே வாரத்தில் வாங்கினேன். ஹேண்டிலும் கண்ணாடித் தண்டும் தாளுக்கே வழிக்கு வந்தன. மிச்சம் சைலன்சர். அந்தக் கறுப்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கத்தி வைத்தால் குரோம் கீறிவிடும். அதனால் சூடான காற்றை அடித்து இளக்கி, ஐஸ்கிரீம் குச்சியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். அதற்காக எத்தனை ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டியிருந்தது என்பது எனக்கும் என் டாக்டருக்கும் இடையே உள்ள விஷயம். இருபது வருஷ ரப்பர் மீண்டும் புகைந்து நாறியது. முன்னால் என்ஜின் வேலை செய்பவர்கள் சந்தில் போய் நின்றுகொண்டார்கள்.

கடைசித் துணுக்கு வந்ததும் துடைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி துருக் குழிகள். நடுவில், குதிகால் வடிவத்தில், தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்தது போன்ற குரோம். ஒரு புள்ளி இல்லை. ரப்பர் மூடியிருந்ததால் இருபது வருஷ மழையும் உறைக்குள் அவிந்த ஈரமும் அங்கே மட்டும் போகவே இல்லை. அண்ணன் பிளாஸ்டிக் போட்டு மூடியதெல்லாம் அழிந்தது; விஜயா அக்கா செருப்பால் மூடியது பிழைத்தது. அந்த இடம் தனியாகத் தெரியக்கூடாது என்பதற்காகச் சுற்றியுள்ளதை அதற்குச் சமமாகக் கொண்டுவர நான்கு நாள் தேய்த்தேன். என் பதினோரு வருஷத்தில் இது போல ஒரு வேலை செய்ததில்லை. ஊசிமுனைக் குழிகளை விட்டால், முகம் பார்த்துத் தலை வாரலாம்.

புனிதம் அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு குப்பைத் தொட்டியில் கிடந்த கறுப்புத் துணுக்குகளைப் பார்த்தார். அவர் பேச்சு மாறியது.

"அந்தாள் எடுக்கச் சொன்னார், சரி," என்றார். "அந்தச் செருப்புக்காரப் பிள்ளையிட்ட ஒரு வார்த்தை கேட்டீரோ?"

சனிக்கிழமை

விஜயா அக்கா சொன்னபடி வந்தார். ஜீன்ஸ், காலில் சாதாரண ரப்பர் செருப்பு, கையில் ஹெல்மெட். ஹெல்மெட்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தனபால் அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வண்டியை வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தேன். கண் கூசியது. விஜயா அக்கா மட்கார்டைப் பார்க்கவில்லை, ஹேண்டிலைப் பார்க்கவில்லை. நேராக வலது பக்கம் போய்க் குனிந்தார். விரலால் சைலன்சரைத் தடவினார். இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினார்.

"எங்க?" என்றார்.

"இல்ல!" என்றார் அண்ணன், பல்லெல்லாம் தெரிய. "எடுத்தாச்சு! இனிமே நீ அதைப் பத்திப் பேசவே முடியாது!"

"என் சிலிப்பர் எங்கங்க?"

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. குப்பைத் தொட்டியை முந்தின நாள்தான் கொட்டியிருந்தார்கள். கல்லாப் பக்கம் நான் திரும்பவே இல்லை. அங்கிருந்து ஒரு பார்வை என் முதுகில் குத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வண்டி வேணாம்னு சொன்னேன். அதை எடுக்கச் சொன்னேனா?" என்றார் விஜயா அக்கா. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், ஆனால் எனக்காகச் சொல்லவில்லை. "நொவினா சிக்னல்ல சிரிச்சாரு, தம்பி. நல்லா சிரிச்சாரு. அப்புறம் தன்னோட வலது கால் ஷூவைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு. பத்து சைஸ் ஷூ. பிரேக்கை வெறுங்காலால மிதிச்சுக்கிட்டே ஈசூன் வரைக்கும் ஓட்டினாரு. அன்னைக்குத்தான் இந்த ஆளைக் கட்டிக்கலாம்னு நினைச்சேன். சண்டை போடறப்பல்லாம் அந்தச் சிலிப்பரைச் சொல்லுவேன். சொல்லலைன்னா, அதுக்கப்புறம் இந்த மனுஷன் செஞ்சதெல்லாம்தானே ஞாபகம் வரும்?"

ஷூ விஷயம் தனபால் அண்ணனுக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. இருபது வருஷமாக ஒரே நாளை வைத்து இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். அண்ணன் சிரிப்பை நினைத்துக்கொண்டு, அக்கா ஷூவை நினைத்துக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். அந்த நிமிடம் அந்தக் கறுப்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியுமென்றால் ஒரு வருஷச் சம்பளத்தைக் கொடுத்திருப்பேன்.

விஜயா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க," என்றார். அண்ணன் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போய், சனிக்கிழமை நெரிசலில் மாட்டி, கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். கால் வைக்கும் இடம் எது என்று இப்போது அவருக்கு நன்றாகவே தெரியும். அதை விட்டுவிட்டு, வலது குதிகாலைத் தூக்கி, நான் நான்கு நாள் தேய்த்த அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

புகை வந்தது. நாற்றம் வந்தது. நான் "அக்கா!" என்று கத்தியிருக்க வேண்டும், ஆனால் கத்தவில்லை. நன்றாக ஒட்டிக்கொண்டது என்று தெரிந்ததும் காலைச் செருப்போடு பிய்த்து எடுத்தார். கறுப்பாக, குதிகால் அகலத்துக்கு, பழையபடி ஒன்று சைலன்சரில் இருந்தது. பிறகு அண்ணனின் முதுகில் தட்டிச் சொன்னார்: "இந்தாங்க, அடுத்த பத்து வருஷத்துக்கு. சிஓஇயைப் போய்ப் புதுப்பிங்க."

ஆகையால், என் சக துரு பக்தர்களே, வண்டியில் எது அழுக்கு என்பதை ஓட்டுகிறவரிடம் கேட்காமல் பின்னால் உட்காருகிறவரிடம் கேட்டுவிட்டு அலுமினியத் தாளைக் கிழிப்பது ஐஸ்கிரீம் செலவையாவது மிச்சப்படுத்தும்.